கதியால் நடக்குது: ஒரு பகிடிப் பாட்டைப் பழுதுபார்த்த கதை

முதல் தடவை இந்தப் பாட்டைப் பாடியபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா அது. பரிசளிப்பு முடிந்து நாடகம் தொடங்குவதற்கு இடையில், மேடையில் சீன் கட்டும் பத்து நிமிடத்தை நிரப்ப ஆள் தேடினார்கள். நான் கிற்றாரும் கையுமாக ஏறினேன். நானே எழுதி நானே மெட்டுப் போட்ட பைலா, துள்ளி ஆடவைக்கும் பாட்டு. மூன்று கிழமையாகக் குளியலறையில் பாடிப் பாடி எனக்கு நானே சிரித்துப் பழகியிருந்ததால், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும் என்று நம்பியிருந்தேன். முதல் கண்ணி முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பி மூன்றாம் வரிசையில் இருந்த ஓர் அண்ணையைப் பார்த்தார்கள். அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார். மிச்சம் மூன்று கண்ணியையும் நான் யாருக்காகப் பாடினேன் என்று எனக்கே தெரியாது.

மேடைக்குப் பின்னால் ஒரு மாமி பிடித்துக்கொண்டார். “என்ன தம்பி, பகிடிப் பாட்டெண்டு சொல்லிப்போட்டு, மைக்கைப் பிடிச்சு ஆளை ஏசிப்போட்டு இறங்கிறாய்?”

ஏசியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பாட்டில் எங்கேயோ பிழை இருந்தது. எனக்குச் சுன்னாகத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. ஒரு தண்ணீர்ப் பம்பி ஓடவில்லை என்றால் அதைத் திட்டிப் பயனில்லை, கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். பாட்டையும் அப்படியே கழற்றினேன். திரும்பப் பூட்டி முடிக்க நாலு மாதம் ஆயிற்று.

விஷயம் வேலி. கடையில் நிற்பவனுக்கு இதைவிட நல்ல சரக்குக் கிடைக்காது. முள்ளுக்கம்பி, சீமெந்துத் தூண், தகரம் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் பொருளோடு ஒரு கதையையும் கவுண்டரில் வைத்துவிட்டுப் போவார்கள். யாழ்ப்பாணத்தில் இப்போது மதில்கள் வந்துவிட்டன, ஆனாலும் ஒழுங்கைகளுக்குள் இறங்கினால் பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் நட்டுப் பனையோலையால் அடைத்த வேலிகள் இன்னும் இருக்கின்றன. கோடையில் வேலியடைப்பு வரும். பழைய ஓலையைப் பிரித்துத் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்ப்பார்கள், புது ஓலை கட்டுவார்கள். பட்டுப்போன கதியாலை, அதாவது வேலிக்கு ஊன்றிய தடியை, பிடுங்கிப் புதிதாக ஒன்றை ஊன்றுகிற அந்த வேளையில்தான் கதியாலுக்குக் கால் முளைக்கும். பழைய குழியில் ஊன்றுவதில்லை. ஒரு விரற்கடை அங்காலே. அடுத்த வருடம் இன்னொரு விரற்கடை. கேட்டால், “கிழவன் நட்ட இடத்திலைதான் நிக்குது” என்பார்கள்.

இதைத்தான் பல்லவியாக்கினேன். பல்லவியில் பிழை இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்:

கதியால் நடக்குது பாருங்கோ – எங்கள்
கதியால் நடக்குது பாருங்கோ
காலும் இல்லை செருப்பும் இல்லை
காணி தாண்டிப் போகுது கேளுங்கோ

பிழை இருந்தது முதல் கண்ணியில்:

பக்கத்து வீட்டு அண்ணையார் – பெரும்
பக்தன் என்றே பேரெடுத்தார்
பத்து மணிக்கு விளக்கணைத்தார் – எங்கள்
பங்கில் கதியால் நட்டுவைத்தார்

எழுதும்போது எந்த அண்ணையையும் நான் நினைக்கவில்லை. கடையில் கேட்ட ஐந்தாறு கதைகளைச் சேர்த்துப் பிசைந்த கற்பனை ஆள் அவர். ஆனால் என் ஊரில் பக்கத்து வீடு இல்லாத வீடு இல்லை, பக்தன் இல்லாத ஒழுங்கை இல்லை. ‘பக்கத்து வீட்டு அண்ணையார்’ என்று பாடினால் சனம் பாட்டைக் கேட்காது, ஆளைத் தேடும். தேடுகிற ஆள் சிரிக்க மாட்டான். அதற்குமேல், கண்டுபிடித்துவிட்டார்கள்.

இந்த நோயைப் பிடித்துத் தந்தவர் எங்கள் அயலில் இருக்கும் சங்கீத ரீச்சர். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்து, முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குச் சரளிவரிசை சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். என் பைலாவை அவரிடம் கொண்டுபோகவே எனக்கு வெட்கம். ஆனால் முற்றத்துக் கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நீ மரத்திலை ஏறி நிண்டு மற்றவனைக் காட்டிறாய். கள்ளன் நீயெண்டு பாடிப்பார்” என்றார்.

அன்று இரவே கண்ணியைத் திருப்பிப் போட்டேன். ‘அவர்’ எல்லாம் ‘நான்’ ஆயிற்று:

நானொரு பாவமும் அறியேனே – அதை
நட்டது மட்டும் நான்தானே
வெயில் சுட்டது பூவரசுக்கு – அது
விலகிப் போனது உங்கள் நிழலுக்கு

கள்ளன் வாயாலேயே நியாயம் வருகிறபோது பாட்டு தானாக ஓடத் தொடங்கியது. பூவரசுக்கு வெயில் சுட்டதாம், பாவம், பக்கத்துக் காணி மாமர நிழலுக்கு நடந்து போனதாம். இப்படி ஒருவன் நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், கேட்கிறவனுக்கு ஆளைத் தேடத் தோன்றாது. ஆள் மேடையிலேயே நிற்கிறானே.

சரி, சொல் ஒருமாதிரி வந்தது. அடுத்த பழுது தாளத்தில்.

பைலாவை 6/8 என்று எழுதுவார்கள். ரீச்சர் அதைத் ‘தகிட தகிட’ என்றே சொல்வார், திஸ்ரம். பெயர் போர்த்துக்கீச மொழியில் ஆடுவதைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. 1619-இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தவர்கள் போர்த்துக்கீசர். கோட்டை, தேவாலயம் எல்லாம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கட்டும், எங்கள் வாயில் அவர்கள் விட்டுப்போன சொற்கள் தனி. நாங்கள் இருக்கும் கதிரை, தின்னும் பாண், காணி எழுதிய தோம்பு, கதியால் குழி கிண்டும் அலவாங்கு எல்லாம் அவர்கள் சொல். அலவாங்கு அங்கே ‘அலவாங்கா’, நெம்புகோல். வேலிக் களவைப் பாட பைலாவைவிடப் பொருத்தமான தாளம் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். ஆயுதமும் தாளமும் ஒரே மொழிக்காரர் கொடுத்தவை.

ஆனால் ‘கதியால்’ என்ற சொல் என் தாளத்தில் குந்தவில்லை. நான் ‘க’வைத் தகிடவின் தலையில் வைத்திருந்தேன். பாடிப் பார்த்தால் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி அணிவகுப்பு மாதிரி இருந்தது. இரண்டு குறிலும் ஒரு நெடிலும் உள்ள சொல் அது. நெடில்தான் நிற்கக் கேட்கும். ஆகவே ‘க’, ‘தி’ இரண்டையும் முந்திய தகிடவின் கடைசி இரண்டு தட்டுக்குத் தள்ளினேன். ‘யால்’ அடுத்த தகிடவின் தலையில் வந்து விழுந்தது. (த) க-தி | யா-ஆல்-ந | டக்-கு-து. எழுதிப் பார்த்தால் விளங்காது, முழங்காலில் தட்டிப் பாருங்கள். இப்போது சொல்லே ஒரு காலைத் தூக்கி வைத்து நடக்கிற மாதிரி இருந்தது. இந்த ஒரு மாற்றத்துக்கு ஒன்பது நாள்.

வேகத்தையும் குறைத்தேன். மேடையில் பதற்றத்தில் நிமிடத்துக்கு 130 தகிடவுக்கு மேல் ஓடியிருப்பேன். ‘பக்கத்து’, ‘பத்து’, ‘வைத்தார்’ என்று இரட்டித்த எழுத்துகள் நிறைந்த வரியை அந்த வேகத்தில் பாடினால் வாய் சிக்கும், கேட்பவனுக்குப் பாதிச் சொல் போகாது. விளங்காத பகிடிக்கு யார் சிரிப்பது? 112-இல் நிறுத்தினேன். கிற்றார் கோட்ஸ் மூன்றே மூன்று: சி, எஃப், ஜி. ரீச்சர் பார்வையில் இது 29-ஆம் மேளம் சங்கராபரணம். “உன்ரை பைலாவுக்கு இவ்வளவு பெரிய இராகமோ” என்று சிரித்தார்.

அவர் கொடுத்த இன்னொரு யோசனைதான் பாட்டைக் காப்பாற்றியது. பைலா தொடங்குமுன் ஒரு விருத்தம் பாடச் சொன்னார், அதுவும் முகாரியில். அழுகைக்குப் பேர்போன இராகம். பகிடி செய்யாமல், கண்ணை மூடி, கோயில் வசந்த மண்டபத்தில் பாடுவதுபோலப் பாட வேண்டுமாம். இரண்டே வரி எழுதினேன்:

எல்லை இல்லாப் பரம்பொருளே! – எங்கள்
எல்லைக் கதியாலைக் கண்டனையோ?

நான் பாடியபோது கமகம் எல்லாம் கள்ளுக் குடித்த மாதிரி ஆடியது. ரீச்சரே பாடித் தந்தார். ‘எல்லை இல்லா’வை அவர் இழுத்து இறக்கியபோது உண்மையாகவே எனக்குக் கண் கலங்கியது. அடுத்த வரியில் ‘கதியாலை’ வந்ததும் உள்ளே அடுப்படியில் நின்ற அவருடைய மகள் ‘களுக்’ என்றார். அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் இந்தப் பாட்டுக்கு வழி இருக்கிறது என்று நம்பினேன்.

அடுத்தது நான் மிகக் கூடுதலாக மினக்கெட்ட இடம்: சிரிப்புச் சொல்லை எங்கே வைப்பது.

தமிழில் வினை கடைசியில் வரும். கதைத்துக்கொண்டிருக்கும்போது அது பகிடிக்கு வசதி. “சாமிப் படத்துக்குக் கீழை அலவாங்கை வைச்சிருக்கிறான்” என்றால் ‘அலவாங்கை’யில் சிரிப்பு தொடங்கும், ‘வைச்சிருக்கிறான்’ அந்தச் சிரிப்புக்குள் அமிழ்ந்து போகும், ஒருவருக்கும் நட்டமில்லை. பாட்டில் அப்படி இல்லை. தாளம் நிற்காது. சிரிப்பு தொடங்குகிற இடத்தில் நான் ‘வைச்சிருக்கிறேனே’ என்று இழுத்துக்கொண்டு நின்றால் அந்தச் சிரிப்பை நானே மிதிக்கிறேன். என் பழைய வரி இது: ‘சாமிக்குக் கீழே அலவாங்கை நான் சத்தமில்லாமல் வைத்தேனே.’ மோனை எல்லாம் சரி. சிரிப்புத்தான் வரவில்லை.

புதுசு:

ஊரடங்கின பின்னாலே – நான்
ஒரு விரற்கடைதான் தள்ளிவைத்தேன்
திருநீறு பூசிக் கும்பிட்டு வைத்தேன்
சாமிக்குக் கீழே – – அலவாங்கு

வினையை முந்திய வரிக்குத் தள்ளிவிட்டேன். கும்பிட்டு வைத்தது என்ன என்று கேட்பவன் காத்திருக்கிறான். ‘சாமிக்குக் கீழே’ என்றதும் ஒரு தகிட முழுக்க வெறுமை. கிற்றாரும் இல்லை, போங்கோ என்ற கைமேளமும் இல்லை. பிறகு ‘அலவாங்கு’, பாடாமல், சும்மா சொல்கிற மாதிரி. இந்த இடைவெளி ஒரு தட்டு என்றால் போதாது, இரண்டு தகிட என்றால் மறந்துபோன மாதிரி இருக்கும். மூன்று தட்டு. வீட்டில் மனைவியிடம் மூன்று விதமாகவும் பாடிக் காட்டினேன். முதல் இரண்டுக்கும் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவதுக்குச் சுளகு நின்றது.

சிரிப்புச் சொல்லுக்குப் பின்னால் இடம் விட வேண்டும் என்பதையும் பிழைவிட்டுத்தான் படித்தேன். சனம் சிரித்து முடிய இரண்டு விநாடியாவது வேண்டும். 112 வேகத்தில் 6/8-இல் இரண்டு வட்டம் ஏறத்தாழ அவ்வளவு. ஆகவே ஒவ்வொரு அலவாங்குக்குப் பின்னும் இரண்டு வட்டம் கிற்றார் சும்மா ஓடும்.

மூன்றாவது கண்ணி ஒரு பில்லின் பின்பக்கத்தில் பிறந்தது. கடையில் ஆட்கள் இல்லாத ஒரு மத்தியானம் கணக்குப் பார்த்தேன். நூறு அடி நீள வேலி. வருடத்துக்கு ஓர் அங்குலம் வீதம் முப்பது வருடம் நகர்த்தினால் முப்பது அங்குலம், அதாவது இரண்டரை அடி. நூறை இரண்டரையால் பெருக்கினால் 250 சதுர அடி. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆக ஒருவன் முப்பது வருடம் இராத்திரி இராத்திரியாய் முழித்திருந்து, கோடையில் வியர்த்து, அயலோடு கதை பேச்சு இல்லாமல், கோடு கச்சேரி என்று அலைந்து சேர்த்தது ஒரு பேர்ச்சுக்கும் காணாது! பில்லைப் பார்த்துத் தனியே இருந்து சிரித்தேன். முதலாளி எட்டிப் பார்த்தார்.

முப்பது வருசம் இடித்தேனே – என்
முதுகெலும்பையும் ஒடித்தேனே
சேவையர் வந்து அளந்து பார்த்தார்
முழுசாய் வரவில்லை – – ஒரு பேர்ச்சு

கடைசிக் கண்ணிதான் பிந்தி வந்தது. முதலில் அங்கே ‘ஆறடி நிலம்தானே கடைசியில்’ என்ற மாதிரி ஒரு தத்துவம் வைத்திருந்தேன். ரீச்சர் முகத்தைச் சுளித்தார். “பகிடிப் பாட்டின்ரை முடிவிலை தேவாரம் ஓதாதை.” வெட்டினேன். வேலியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்தபோது பொட்டு ஞாபகம் வந்தது. எவ்வளவு சண்டை இருந்தாலும் வேலியில் ஒரு பொட்டு, நுழைந்து போகிற ஓட்டை, இருக்கும். பெரியவர்கள் கண்டும் காணாத மாதிரி இருப்பார்கள். கோழி போகும், பிள்ளைகள் போவார்கள், கறிக்கு உப்பில்லாத நாளில் சிரட்டை போகும்.

காதல் வந்தது என் மகளுக்கு – அந்தப்
பொட்டுக்குள்ளாலே அவன் மகனுக்கு
முப்பது வருசம் களவெடுத்த காணி
சீதனமாய்ப் போகுது – – வேலிக்கு அங்காலே

இதில் முதலில் கடைசிச் சொல் ‘மருமகனுக்கு’ என்று இருந்தது. எங்கள் கடைக்கு வரும், காணி உறுதி எழுதும் நொத்தாரிசு ஐயா ஒருவரிடம் பெருமையாகப் பாடிக்காட்டினேன். அவர் சிரிக்காமல், “தேசவழமைப்படி சீதனம் பெட்டையின்ரை சொத்து. மருமகனுக்கெண்டு எப்பிடி எழுதுவாய்?” என்று கேட்டார். 1707-இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் ஏறிய சட்டம் என் பாட்டில் வந்து கை வைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர் சொன்னது நியாயம். ‘வேலிக்கு அங்காலே’ என்று மாற்றினால் உறுதியிலும் பிழை இல்லை, சிரிப்பும் கூடுகிறது. பழையபடி கதியால்தான் நடக்கிறது, இந்தமுறை திரும்பி.

பாட்டு முடிந்தது என்று நினைத்தபோது, இதை ஒலிப்பதிவு செய்து வைக்க வேண்டும் என்று போங்கோ வாசிக்கும் தம்பி பிடிவாதம் பிடித்தான். உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை, நேரம் நிறைய. ஒரு கூட்டாளியிடம் யூஎஸ்பி மைக் ஒன்று இரவல் வாங்கி, மடிக்கணினியில் ஓடாசிற்றி போட்டோம். இலவசமான மென்பொருள், எங்கள் வேலைக்குத் தாராளம். என் அறையில் கட்டில் மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாத்தி, யன்னலுக்குப் போர்வை கட்டி, மின்விசிறியை நிறுத்தினோம். ஐந்து நிமிடத்தில் இருவரும் அவிந்துபோனோம். ‘பக்தன்’ போய்விட்டாலும் பாட்டில் ‘ப’வுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு ‘பாருங்கோ’வும் மைக்கில் ஊதி வெடித்தது. கடையில் இருந்து கட்டுக்கம்பி ஒரு முழம் எடுத்து வளையமாக்கி, மனைவியின் பழைய நைலோன் காலுறையை அதில் இழுத்துக் கட்டி, மைக்குக்கு நாலு அங்குலம் முன்னால் நிறுத்தினேன். வெடி நின்றது. செலவு ஒன்றும் இல்லை, வீட்டில் கொஞ்சம் ஏச்சு.

பிறகு வந்த பழுதுக்கு இரண்டு ஞாயிறு போயிற்று. என் பாட்டையும் கிற்றாரையும் முதலில் பதிந்துவிட்டு, தம்பி அதைக் காதில் கேட்டபடி போங்கோ வாசிப்பது என்பது ஏற்பாடு. கேட்டுப் பார்த்தால் ஒவ்வொரு அடியும் பிந்தி விழுகிறது. “தம்பி, இழுக்கிறாய்.” திரும்ப வாசித்தான். “இன்னும் இழுக்கிறாய்.” பதின்மூன்று தடவை. கடைசியில் பிள்ளையின் முகம் கறுத்து, “அண்ணை, நான் சரியாத்தான் அடிக்கிறன்” என்று போங்கோவைக் கீழே வைத்தான். நான் கொஞ்சம் உரத்துப் பேசிவிட்டேன்.

இரவு தனியே இருந்து அலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லா அடியும் ஒரே அளவு பிந்தியிருந்தன, கிட்டத்தட்ட 180 மில்லிவிநாடி. மனிதன் இழுத்தால் ஒரு தரம் கூட, ஒரு தரம் குறைய இருக்கும். இது இயந்திரம் செய்கிற வேலை. அப்போதுதான் தம்பி காதில் கொழுவியிருந்தது புளூடூத் என்று ஞாபகம் வந்தது. அதில் சத்தம் காதுக்கு வரவே தாமதம், அவன் கேட்டதோடு சரியாகத்தான் அடித்திருக்கிறான். 112 வேகத்தில் ஒரு தகிடவின் ஒரு தட்டு 179 மில்லிவிநாடி. ஆகப் பையன் மிகத் துல்லியமாக ஒரு தட்டுப் பிந்தி வாசித்திருக்கிறான்! யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வயர் உள்ள இயர்போன் ஒன்று வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். கூடவே ஐஸ்கிறீமும். பேச்சு வார்த்தை சுமுகமாக முடிந்தது.

பாடிய சத்தத்தைச் சுத்தம் செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாடுமுன் இரண்டு விநாடி சும்மா இருந்து, அந்த இரைச்சலை மாதிரியாகக் கொடுத்து மிச்சத்தில் குறைக்க வேண்டும். பேராசைப்பட்டு 12 டெசிபெல் குறைத்தேன், கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி ஆயிற்று. ஆறு போதும். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன். 3,000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தி, அதே இடத்தில் கிற்றாரைக் கொஞ்சம் இறக்கினேன். மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது, பகிடிப் பாட்டில் குரல் இனிமையைவிட அது முக்கியம். சிரிப்புக்கு விட்ட இரண்டு வட்டத்தையும் ஒன்றாக்கினேன். ஒலிப்பதிவில் யாரும் சிரிப்பதில்லை, அந்த வெறுமை பல்லு விழுந்த வாய் மாதிரிக் கேட்டது.

ஒரு பழுதை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். மூன்றாம் கண்ணி முடிந்து கிற்றார் தனியே ஓடும் இடத்தில், ஒழுங்கையில் பாண்காரரின் ஆட்டோ வந்தது. நாட்டில் பாண் வண்டிகள் வழக்கமாகப் போடுகிற அந்தப் பேத்தோவன் மெட்டு, ‘ஃபியூர் எலீசே’. தம்பி நிறுத்தப் போனான், நான் கையைக் காட்டி மறித்தேன். அந்த இசை 3/8, எங்கள் தகிடவும் மூன்று. அது ஏ மைனர், எங்களுடையது சி மேஜர், இரண்டுக்கும் சுரங்கள் பெரும்பாலும் ஒன்றே. பாண் வண்டியின் ஒலிபெருக்கி சுருதியில் கொஞ்சம் விலகி, வேகத்தில் கொஞ்சம் ஓடி, ஆனாலும் எட்டு விநாடி எங்களோடு சேர்ந்து வாசித்துவிட்டுப் போயிற்று. போர்வையும் மெத்தையும் தடுக்காத ஒரே சத்தம். இப்போது கேட்பவர்கள் அதை நாங்கள் திட்டமிட்டுச் சேர்த்ததாக நினைக்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

இரண்டாவது அரங்கேற்றம் சரஸ்வதி பூசை இரவு, வாசிகசாலை முற்றத்தில். அவல் கடலை கொடுத்து முடிந்த நேரம். மூன்றாம் வரிசை அண்ணை இம்முறை முன்வரிசையில் இருந்தார். எனக்குக் கை நனைந்தது. முகாரியைத் தொடங்கியதும் சிலர் உண்மையிலேயே கைகூப்பினார்கள். ‘எல்லைக் கதியாலை’யில் பின்பக்கம் பொடியங்கள் சிரித்தார்கள். ‘நட்டது மட்டும் நான்தானே’யில் மாமி ஒருவர் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தினார். அலவாங்குக்கு முன்னால் மூன்று தட்டு நிறுத்தினேன். அந்த முற்றத்தில் ஒரு கடலை உடைபடும் சத்தம் கேட்டது. பிறகு அலவாங்கு விழுந்தது, இரண்டு வட்டம் போதவில்லை, நாலு வட்டம் கிற்றாரை ஓட்டினேன். பேர்ச்சுக் கண்ணிக்குப் பெண்கள் பக்கம் சிரிப்பு அவ்வளவு இல்லை, ஆண்கள் பக்கம் கூடுதல். அந்தக் கண்ணியில் சேவையர் வரும் வரியை இன்னும் சுருக்க வேண்டும், மூச்சு முட்டுகிறது. முன்வரிசை அண்ணை சிரித்தாரா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நாலாம் நாள் கடைக்கு வந்தார். கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் விலைப்பட்டியலைப் பார்த்தார்.

“தம்பி, அலவாங்கு இருக்கோ?”

“இருக்கு அண்ணை. எந்த நீளம்?”

“ஐஞ்சடி காணும்.”

உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தேன். பாரம் பார்க்கிறவர்போல ஒரு கையால் தூக்கிப் பிடித்தார். காசைக் கொடுத்தார், மிச்சத்தை எண்ணிச் சட்டைப் பையில் போட்டார். வாசலுக்குப் போய், சைக்கிள் பாரில் அதை வைத்துக் கட்டியபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுத்தார். “சாமிக்குக் கீழே…”

மூன்று தட்டு விட்டார். நான் எண்ணினேன்.

“…அலவாங்கு.”